வழி யாருடையது? (9) – கோட்டைக்குள் வந்த தெரு

முன்கதை: செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளின் நிலையை ஆராய்ந்த கலெக்டர் டிரமென்ஹீர், 1891 அக்டோபரில் தம் அறிக்கையைச் சென்னைக்கு அனுப்பினார். உழைப்பவனுக்கு உழ நிலமில்லை, குடியிருக்கும் குடிசையின் அடிமண்கூட மிராசுதாரருடையது என்று அதில் எழுதியிருந்தார். அந்த அறிக்கைக்கு என்ன ஆயிற்று?

ரெவின்யூ போர்டு கையை விரித்துவிட்டது. மிராசுதாரர்களைப் பகைத்துக்கொண்டு வரி வசூலிக்க முடியாது என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்த பழைய பாடம். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் எதிர்த்து நின்றதை இந்தத் தொடரில் பார்த்தோம். ஆனாலும் டிரமென்ஹீரின் அறிக்கை முழுதாக மூலையில் கிடக்கவில்லை. இக்காடு, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் பாதிரியார் வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் இதே பிரச்சினையை விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. தரிசு நிலத்தில் ஒரு பங்கு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்படலாயிற்று. பின்னாளில் பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் பேர் பெற்றது இதுதான்.

நிலம் கிடைத்தது. நிலத்துக்குப் போகும் வழி?

பூந்தமல்லியைத் தாண்டியதும் பெங்களூர் நெடுஞ்சாலையில் வருகிற நசரத்பேட்டையில் இன்று நின்று பார்ப்பவருக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இங்கேதான் நெடுஞ்சாலையைக் கடக்கிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் சாலை. ஆனால் அன்றைய செங்கல்பட்டுக் கிராமத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் ஊர். தள்ளி, பள்ளத்தில், சேரி. இரண்டுக்கும் நடுவே ஏரிப் பாசனத்தில் விளையும் நன்செய். சேரியைச் சுற்றி நாலு பக்கமும் வேறொருவர் வயல். வெளியே போக இருந்தது வரப்பு அல்லது வாய்க்கால் கரை. மழைக்காலத்தில் அதுவும் சேறு. பிள்ளை பள்ளிக்கூடம் போவதும், நிறைமாதக்காரியை மருத்துவச்சியிடம் அழைத்துப் போவதும், செத்தவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போவதும் அந்த வரப்பில்தான். வரப்பின் சொந்தக்காரர் வேண்டாம் என்றால் அன்றோடு வழி அடைபட்டது.

சட்டம் உதவியிருக்காதா என்று கேட்கலாம். 1882-இல் இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. அது முதலில் அமலான மூன்று மாகாணங்களில் சென்னையும் ஒன்று. அடுத்தவர் நிலத்தின் வழியே நடக்கும் உரிமையை அது ஏற்றுக்கொண்டது. அமைதியாக, வெளிப்படையாக, உரிமையோடு, இடைவிடாமல் 20 ஆண்டு நடந்திருந்தால் அந்த வழியை யாரும் அடைக்க முடியாது. வேறு வழியே இல்லாமல் போகிறபோது அவசியத்தின் பேரிலும் வழி கேட்கலாம். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் நான்காவது பிரிவிலேயே ஒரு பூட்டு இருந்தது. வசதியுரிமை என்பது ஒரு நிலத்தின் உரிமையாளருக்கோ அனுபவதாரருக்கோ அந்த நிலத்தைப் பயன்படுத்துவதற்காகக் கிடைக்கும் உரிமை. நிலம் இருந்தால்தான் வழி. சேரிக்காரர் குடியிருந்த மண்ணே தமது என்று மிராசுதாரர் சொல்கிறபோது, எந்த நிலத்தைக் காட்டி வழி கேட்பது? இரண்டாவது பூட்டு இன்னும் கெட்டியானது. அனுமதியின் பேரில் நடந்தால் அது உரிமையாகாது. பண்ணையாளாக இருப்பவர் ஆண்டையின் வயலில் நடப்பது அனுமதியின் பேரில்தான் என்று வாதிட்டுவிடலாம். அப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறை அதே வரப்பில் நடந்திருந்தாலும் கணக்கில் ஒரு நாள்கூட ஏறாது.

இதற்கிடையே இன்னொரு பக்கம் அரசாங்கம் பாதைகளை எழுதி வைத்துக்கொண்டிருந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் ரெவின்யூ சர்வே தொடங்கியது. சங்கிலியோடு கிராமம் கிராமமாகப் போய் அளந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு சர்வே எண். ஏரி, குளம், களம், மேய்க்கால், சுடுகாடு, வண்டிப்பாதை எல்லாம் புறம்போக்கு என்று தனியாகப் பதிவாயின. பட்டா நிலத்தின் ஊடே போகும் பாதைகளைப் புலப்படத்தில் புள்ளிக்கோடாக வரைந்தார்கள். நம் வருவாய்த் துறையின் அலமாரிகளில் இன்றைக்கும் இருக்கும் வரைபடங்களுக்கு மூலம் அந்த வேலைதான்.

1905-இல் சென்னை மாகாண நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஒரு படி மேலே போனது. பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை, அவற்றின் பாலம், ஓரத்துப் பள்ளம், வேலி எல்லாம் அரசின் சொத்து என்று அதன் இரண்டாவது பிரிவு அறிவித்தது. ஜமீன்தார் போன்றவர்களின் சொத்தாக நிரூபிக்கப்பட்டவை மட்டும் விலக்கு. பொதுப்பாதையில் வேலி போட்டவர் ஆக்கிரமிப்பாளர், அவரை வெளியேற்றலாம். இந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. சாலைகளைப் பராமரிக்க 1884 முதல் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் இருந்தன. அதற்கான வரியை நிலக்காரர் கட்டினார் என்றாலும், அந்த நிலத்தில் விளைந்தது யாருடைய உழைப்பில் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, 1905-க்குப் பிறகு காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பாதை பொது, சொத்து அரசுடையது, செலவு மக்களுடையது. ஆனால் அந்தப் பொதுத் தெருவில் நடக்க முடியாத லட்சக்கணக்கான மக்கள் இருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று உலகத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கௌட் என்ற மலைமேட்டில் கூட்டமாக ஏறினார்கள். பிரபுக்களின் பறவை வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்த நிலம் அது. காவலர்களோடு கைகலப்பு நடந்தது. சில இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். நடப்பதற்கான உரிமை குறித்த அந்நாட்டுச் சட்டங்களுக்கு அந்தப் போராட்டம் ஒரு தொடக்கமாகப் பேசப்படுகிறது. அங்கே கேள்வி தனியார் நிலத்தில் பொதுமக்கள் நடக்கலாமா என்பது. நம் ஊரில் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே எழுந்த கேள்வி வேறு. பொது நிலத்திலேயே பொதுமக்கள் நடக்கலாமா?

அந்தக் கேள்வியைக் கோட்டைக்குள் கொண்டுபோனவர் இதே செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளம் என்ற ஊரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நீலகிரியில் கணக்கு வேலை பார்த்தவர். 1893 அக்டோபரில் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை தொடங்கினார். பேர் ‘பறையன்’. எந்தப் பேரைச் சொல்லித் தம் மக்களைத் தாழ்த்தினார்களோ அதையே தலைப்பில் அச்சடித்து வெளியிட்டார். தம் பேரைச் சொல்லவே தயங்குகிறவர் உரிமையைக் கேட்க மாட்டார் என்பது அவர் எண்ணம். பிறகு தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். சட்டத்தின் சொற்கள் ஒரு மனிதனை எப்படி உள்ளே விடும், எப்படி வெளியே தள்ளும் என்பதை நீதிமன்றத்தில் நாள்தோறும் பார்த்தவர். ஊர் திரும்பியவரைச் சென்னைச் சட்டமன்றத்துக்கு 1923-இல் நியமன உறுப்பினராக அரசு அமர்த்தியது. அங்கே ஏற்கெனவே எம்.சி. ராஜா இருந்தார். அவர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் 1922-இல் ஆதி திராவிடர் என்ற பேரை அரசு ஏற்றது. பேர் மாறிவிட்டது. அடுத்தது தெரு.

1924-ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்ச் 30 அன்று திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த நான்கு சாலைகள். கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம், ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானபோது சிறையிலிருந்த ஜார்ஜ் ஜோசப்பின் அழைப்பு ஈரோட்டுக்கு வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக இருந்த ஈ.வெ. ராமசாமி ஏப்ரல் 13 அன்று வைக்கம் போய்ச் சேர்ந்தார். மே மாதத்தில் முதலாவது சிறைவாசம். வெளியே வந்தவர் மறுபடி போராட்டத்தில் இறங்கினார். ஜூலையில் இரண்டாவது சிறைவாசம்.

அவர் திருவனந்தபுரம் சிறையில் இருந்த அந்த ஆகஸ்டில்தான், சென்னைக் கோட்டைக்குள் இரட்டைமலை சீனிவாசன் தம் தீர்மானத்தோடு எழுந்தார்.

மன்றத்தில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஜமீன்தார்கள், மிராசுதாரர்கள், வக்கீல்கள், வியாபாரிகள். நீதிக்கட்சியின் ஆட்சி. உள்ளாட்சித் துறை முதலமைச்சர் பனகல் அரசர் கையில். சாலைகளைப் போடுவதும் பராமரிப்பதும் அந்தத் துறைதான். சீனிவாசன் கோயிலைத் திறக்கச் சொல்லவில்லை. யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார இடம் கேட்கவில்லை. எந்த வகுப்பை, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரானாலும் எந்த நகரத்திலும் எந்தக் கிராமத்திலும் பொதுச் சாலையிலோ தெருவிலோ பாதையிலோ நடக்கத் தடையில்லை என்று அரசு அறிவிக்க வேண்டும். அதேபோல் அரசு அலுவலகத்துக்குள் போகவும், பொதுக் கிணற்றையும் குளத்தையும் பயன்படுத்தவும், பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு வரவும், சாதி இந்துக்களுக்கு உள்ள அதே உரிமை எல்லோருக்கும் உண்டு. தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான்.

எத்தனை கவனமாக அமைத்திருக்கிறார் என்று பாருங்கள். தீட்டு உண்டா இல்லையா என்ற வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. சாத்திரம் என்ன சொல்கிறது என்று யாரும் ஏடு புரட்ட முடியாது. அரசே தன் சொத்து என்று 1905-இல் சட்டம் போட்டு அறிவித்த பாதைகள் இவை. அரசின் சொத்தில் அரசின் குடிமகன் நடக்கலாமா என்று கேட்டால், எந்த அமைச்சர் எழுந்து கூடாது என்று சொல்வார்?

யாராலும் சொல்ல முடியவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அரசு அதை ஏற்று ஆணையாக வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தாக்கீது போனது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் அத்தனை பெரிய மாகாணத்தில், ஒவ்வொரு பொதுத் தெருவும் ஒவ்வொரு மனிதனுக்கும் உரியது என்று அரசாங்கம் வாய்திறந்து சொன்னது. வைக்கத்தில் நான்கு சாலைகளுக்காக மனிதர்கள் வெள்ளத்தில் நின்றுகொண்டிருந்த அதே பருவத்தில் நடந்தது இது. நம் பாடப்புத்தகங்கள் இந்த நாளுக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்த திருவள்ளூரின் பிள்ளைகளாவது, நசரத்பேட்டையிலும் பூந்தமல்லியிலும் ஆவடியிலும் படிக்கிறவர்களாவது, தங்கள் பழைய மாவட்டத்துக்காரர் ஒருவர் இதைச் செய்தார் என்று தெரிந்து வளர வேண்டும்.

ஆனால் தீர்மானத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, தண்டனை இல்லை. நடப்பவரைத் தடுத்தால் தடுத்தவருக்கு என்ன? அதைப் பற்றி ஆணையில் பேச்சில்லை. கிராமத்தில் கர்ணமும் முன்சீபும் யார் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது ஓட்டைதான் இந்தத் தொடரின் உயிர்நாடி. பொதுச் சாலை என்று தீர்மானம் சொன்னது. அப்படியானால் சாலையைப் பொது அல்ல என்று சொல்லிவிட்டால்? இதுவரை நீ வந்தால் தீட்டு என்று வழி மறித்தவர்கள் பேச்சை மாற்றினார்கள். இது எங்கள் தெரு, எங்கள் முன்னோர் சொந்தச் செலவில் அமைத்தது, அக்ரகாரத்தின் தனிச்சொத்து, கோயிலின் தனிச்சொத்து என்று சொல்லத் தொடங்கினார்கள். வைக்கத்திலும் அதே வாதம். 1925 மார்ச்சில் காந்தி இண்டந்துருத்தி மனைக்கே நேரில் போய் நம்பூதிரிகளோடு பேசியபோது, சாலைகள் கோயிலுக்குச் சொந்தம் என்ற பேச்சு அங்கே எழுந்தது. தீட்டு என்று சொல்லக் கூசிய காலம் வந்ததும், தீண்டாமை சொத்துரிமையின் பாஷையைக் கற்றுக்கொண்டது. நூறு ஆண்டாகியும் அந்தப் பாஷையை அது மறக்கவில்லை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் என்ன நடந்தது? இறந்துபோன தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். கரைக்குப் போகும் வழி தனியார் நிலம் என்று அடைபட்டிருந்தது. உறவினர்கள் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடெங்கும் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கே தடையாக நின்றது பட்டா. பட்டாவை நான் மதிக்கிறேன். சிறுவிவசாயிக்கு அதுதான் காப்பு, அவர் வேலி போடுவதிலும் தவறில்லை. ஆனால் ஒரு பட்டாவின் எல்லை இன்னொரு மனிதனின் கடைசிப் பயணத்தை அந்தரத்தில் தொங்கவிடும் என்றால், அங்கே வழி ஏற்படுத்தித் தராத அரசுதான் முதல் குற்றவாளி. சுடுகாட்டுக்குப் பாதை அமைப்பது அரசின் கடமை, தேவையானால் நிலம் எடுத்தாவது செய்ய வேண்டிய கடமை.

நசரத்பேட்டை போன்ற புறநகர்களில் இந்தப் பிரச்சினை வேறு உருவில் வருகிறது. வயல்கள் மனைகளாகிவிட்டன. சர்வே காலத்துப் புள்ளிக்கோடுகளின் மேல் மதில் எழும்பலாம், கேட் நிற்கலாம். பழைய பாதையில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று ஒரு நாள் காவலாளியிடம் பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம். மனை வாங்கும்போது எல்லோரும் வில்லங்கச் சான்று பார்க்கிறோம். புலப்படத்தையும் அ பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழக அரசின் இணையச் சேவையிலேயே இரண்டும் கிடைக்கின்றன. வண்டிப்பாதை, நடைபாதை என்று பதிவான புறம்போக்கை யாரும் விற்க முடியாது, வாங்கவும் முடியாது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விட்டால் அவை ஊருக்கே பொது. பொதுவழியில் தடை எழுந்தால் கோட்டாட்சியர் அதை அகற்ற உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு தந்த அதிகாரம் அது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 152-ஆவது பிரிவில் இருக்கிறது. பொதுவாக விட்ட நிலங்களை ஆக்கிரமிப்பவர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது.

இத்தனை சட்டம் இருந்தும் பாதைகள் அடைபடுகின்றன. காரணம், பொது என்று எழுதி வைத்தால் மட்டும் ஒரு பாதை பொதுவாவதில்லை. அங்கே எல்லோரும் நடக்க வேண்டும். தடுக்கிறவரை அரசு தடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் புள்ளிக்கோடு படத்திலேயே நின்றுவிடும். இதை 1924-இலேயே உணர்ந்திருந்தார்கள். தீர்மானம் கையில் வந்ததும் அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தது. பதில் ஒன்றுதான். நடந்து பார்க்க வேண்டும்.

எங்கே நடப்பது?

சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில், பாலக்காட்டில், கல்பாத்தி என்றொரு அக்ரகாரம். ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில். இரு பக்கமும் வரிசை வீடுகள். தமிழ் நாட்டிலிருந்து பல தலைமுறை முன்னால் குடியேறிய பிராமணர்களின் தெருக்கள். வைக்கத்தைப் போல இது ராஜாவின் சமஸ்தானம் அல்ல. சென்னை அரசின் நேரடி ஆட்சிப் பகுதி. தீர்மானம் இங்கே அப்படியே செல்லும். ஆனால் தெரு எங்களுடையது என்கிறார்கள் அக்ரகாரத்தார். பொதுத் தெரு என்கிறார்கள் ஈழவர்கள்.

1924 நவம்பர். கல்பாத்தித் தேர்த் திருவிழா. ஊரே திரண்டிருக்கிறது. கோட்டையில் தீர்மானம் நிறைவேறி மூன்று மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. ஈழவர்கள் தேர் பார்க்க அந்தத் தெருவுக்குள் வந்தார்கள்.

அடி விழுந்தது. கலவரம் மூண்டது. செய்தி சென்னைக்குப் பறந்தது.

இப்போது அரசாங்கம் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். தான் வெளியிட்ட ஆணையின்படி நடந்தவர்களுக்குப் போலீஸ் காவல் கொடுப்பதா? அமைதி கெடுகிறது என்று சொல்லி, நடந்தவர்களையே அந்தத் தெருவுக்குள் வரக் கூடாது என்று தடுப்பதா? சட்டப் புத்தகத்தில் 144 என்ற எண் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. மாஜிஸ்திரேட்டின் ஒரு கையெழுத்து போதும், சீனிவாசனின் தீர்மானம் வெறும் காகிதமாகிவிடும்.

பாலக்காட்டில் இதற்குள் இன்னொரு கூட்டமும் வந்து இறங்கிவிட்டது. ஆரிய சமாஜத்தார். ஈழவர்களிடம் அவர்கள் சொன்ன யோசனை, அரசாங்கம், அக்ரகாரம், ஈழவர் இயக்கம் மூன்றையுமே திகைக்க வைத்தது.

அந்த யோசனை என்ன? கல்பாத்தித் தெருவில் கடைசியில் நடந்தது யார்?

(அடுத்த வாரம்: கல்பாத்தித் தேர்)